உங்கள் காமிக்ஸின் விலை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். கை வரவில்லை. அவள் இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"இதோட விலை தெரியுமாடி உனக்கு?" என்று கத்திக்கொண்டே அவளை அறைந்தீர்களே, அந்த விலையைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது அந்தப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். இன்று பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் கடைக்கு எடுத்துப் போனேன்.

பாப்பா கிறுக்கிய அட்டையைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். "ஹீரோவுக்கு மீசை நல்லாத்தான் இருக்கு." பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். "மூணாவது மறுபதிப்பும்மா. இங்கயே போட்டிருக்கே. வீட்டுல யாரும் பிரிச்சே பாக்கலையா?"

முதல் பதிப்பு என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, பதினோரு வருடம் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"மீசை இல்லன்னாலும் பழைய பேப்பர் எடைக்குத்தான் போகும்" என்றார்.

ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் போகும்போது, அவர் பெரிய தொகையாகச் சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனேன். லட்சம் என்று சொல்லியிருந்தால், மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாளைக்கே வந்திருப்பேன். நான்கு வயதுக் குழந்தையை அடித்ததற்கு நானும் ஒரு விலை வைத்திருந்தேன்.

அதனால் எங்களை அழைக்க வராதீர்கள். வாசலில் நின்று நல்லவிதமாக நாலு வார்த்தை பேசினால் கிளம்பிவிடுவேனோ என்று, என்னை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாப்பாவின் அம்மா