தேன்குழலின் அடிவயிறு

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

மாலை சாலா கூப்பிட்டாள். எடுத்ததும் வழக்கம்போல, தான் வளர்க்கும் பாம்பைக் காட்டச் சொன்னாள். போனைக் கண்ணாடிப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். எலி தின்றதா, தண்ணீர் மாற்றியாயிற்றா, கழிவை எடுத்தாயிற்றா? எல்லாவற்றுக்கும் ஆமாம். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை, அவளை நானும் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

என் மனைவி சாலா மதுரைக்குப் போனது தை மாதம். வங்கியில் மாற்றல் என்று ஊருக்குச் சொன்னோம். மாற்றலை அவளே கேட்டு வாங்கினாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். மகளிர் விடுதியில் பாம்புக்கு இடம் கிடையாது என்பதால் அது இங்கேயே தங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். அது இல்லாவிட்டால் எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

2 மே

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இன்று மின்சாரம் இல்லை. வியர்வையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் இங்கும் அனல். பெரிய வீடு, பங்காளிகள் எல்லாரும் வெளியூர். எங்கள் பங்கில் நானும் ஒரு பாம்பும்தான்.

6 மே, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. வளவு முற்றத்து வாசலில் கட்ட வெட்டிவேர்த் தட்டி வாங்கி வந்தேன். தண்ணீர் தெளித்ததும் வீடே மணத்தது, கொஞ்சம் மூச்சு வந்தது. தேன்குழலை நினைத்துப் பாவமாக இருந்தது. (சுருண்டு படுத்தால் தேன்குழல் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும் என்று சாலா வைத்த பெயர். ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. விஷமில்லை. வெளிநாடு போன அவளுடைய தோழி கொடுத்தது. வனத்துறைப் பதிவெல்லாம் சாலா பெயரில்.)

மிஞ்சிய வேரை நனைத்துப் பெட்டிக்குள் மெத்தையாக விரித்தேன். மேலே காற்றுக்கு விட்டிருந்த கம்பி வலைமேல் ஈரத்துண்டு ஒன்றையும் போட்டேன். அடியில் பேப்பர் மட்டும் விரிக்க வேண்டும், உலர்வாக இருக்க வேண்டும், தோல் உரிக்கும் சமயத்தில் மட்டும் ஒரு டப்பாவில் ஈரப்பாசி வைத்தால் போதும் என்று சாலா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பேப்பரில் கிடக்க அது என்ன பஜ்ஜியா? மனிதனுக்கே வெட்டிவேர் வேண்டியிருக்கிறது.

11 மே, ஞாயிறு

பெட்டியைக் காட்டினால் வேர் தெரியும், திட்டுவாள். அதனால் பாம்பைக் கையில் எடுத்து வைத்துக் காட்டினேன். "பரவாயில்லையே, கையில எடுக்கப் பழகிட்டீகளே" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

14 மே

தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே கிடக்கிறது. இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ள வைத்த மண்சட்டியின் முதுகில் ஏறிக்கொள்கிறது. தரையில் படுப்பதே இல்லை. வெயிலுக்கு அதுவும் குளிக்கட்டும் என்று வேரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

18 மே, ஞாயிறு

சாலா கூப்பிடுவதற்கு முன்னால் பாம்பைத் தூக்கினேன். அடிவயிறு வெள்ளையாக இருக்கும். இன்று பாதி தூரம் ரோஸ் நிறம். செதில்களின் ஓரம் பழுப்பு. நடுவில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம்.

வேரைத் தூக்கிப் பார்த்தேன். மேலே மணம், அடியில் நாற்றம். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

சேற்றில் நின்று நடவு நடுகிறவர்களுக்குக் கால் விரலிடுக்கில் புண் வருமே, அதே மாதிரி. அவர்களாவது சாயங்காலம் கரையேறிக் காலைத் துடைத்துக்கொள்ளலாம். இது எங்கே போகும்? தண்ணீர்த் தொட்டிக்கும் சட்டிக்குமாக ஏறி ஏறி இறங்கியதை நான் குளியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. முதுகை மட்டும் காட்டினேன்.

19 மே

ஏன் சொல்லவில்லை?

சொன்னால் முதல் பஸ்ஸில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதன்பின் ஞாயிறு மாலையில் இந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? ஒரு வாரத்தில் ஆற்றிவிடலாம், ஆறியபின் சொல்லிக்கொள்ளலாம். வேரை அள்ளி எறிந்தேன். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன்.

23 மே

வீட்டு வேலைக்கு வரும் பாண்டீஸ்வரி அந்த அறைப்பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். இன்று வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, உள்ள என்னமோ அழுகுது. அக்காட்ட சொல்லிருங்க" என்றாள். வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் மேல் என்ன தப்பு?

25 மே, ஞாயிறு

இன்றும் முதுகைத்தான் காட்டினேன். "என்ன, மஞ்சளா இருக்கு?" என்றாள். விளக்கு வெளிச்சம் என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே எனக்கு.

29 மே

எலியைத் தொடவில்லை. கொப்புளங்கள் உடைந்து ஈரமாகிவிட்டன. எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது போல. துடைக்கும்போது ஒரு செதில் பஞ்சோடு கையில் வந்துவிட்டது. பாம்பு சீறக்கூட இல்லை, தலையை உடலுக்குள் புதைத்துக்கொண்டது. அதைப் பார்த்து அழுதேன். பாம்புக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

31 மே, சனி

தேவகோட்டைக்கு பஸ்ஸில் போனேன். தலையணை உறைக்குள் பாம்பு, உறை வயர்க்கூடைக்குள், கூடை என் மடியில். பக்கத்து இருக்கை அம்மாள் கூடையில் என்ன என்று கேட்டார். துணி என்றேன். துணி நெளிந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் அருள்பாண்டி மாட்டு வைத்தியர். ஒளிக்காமல் சொன்னார், பாம்பைத் தொட்டதே இல்லையாம். சென்னையில் இருக்கும் வகுப்புத் தோழருக்கு வீடியோ போட்டு, அவர் சொல்லச் சொல்ல இவர் பார்த்தார். ஈரப்படுக்கையும் அடைத்த காற்றும் சேர்ந்து செதிலை அழுகச் செய்திருக்கிறது. நிறம் மாறியபோதே உலர்ந்த இடத்துக்கு மாற்றியிருந்தால் அநேகமாக இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி பேப்பர் மட்டும், தினமும் புதிதாக. வலையை மூடக் கூடாது. எண்ணெயை விட்டுவிட்டு, புண் மருந்தைத் தண்ணீரில், கடுங்காப்பி நிறத்துக்கு இல்லை, வெறும் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்குக் கலக்கி, பாம்பை அதில் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து ஒற்றி உலர்த்த வேண்டும். ஊசி ஒன்றும் போட்டார், இன்னும் போட வேண்டுமாம்.

"ரத்தத்துல ஏறாம இருந்தாப் பொழச்சுக்கும். யாரு வளக்குறது?" என்றார். என் மனைவி என்றேன். "அவுகளுக்குத் தெரியுமா?"

கூடையை எடுத்துக்கொண்டேன்.

1 ஜூன், ஞாயிறு

அவள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டு வயிற்றைக் காட்டினேன்.

"எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். சென்ற இரண்டு வாரமும் முதுகைக் காட்டியதையும் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

7 ஜூன், சனி

காலை பஸ்ஸில் வந்தாள். இளைத்திருந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பெட்டியிடம் போனாள். வயிறு முழுதும் விரலால் தடவிப் பார்த்தாள். புண் காயத் தொடங்கியிருந்தது. இரண்டாவது ஊசி போட்டதைச் சொன்னேன். பேப்பரைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

காப்பி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். இது போய்விட்டால் நீ கூப்பிட மாட்டாய் என்று.

அப்போதுதான் தெரிந்தது. அவள் விடுதியை விட்டு மாசியிலேயே மாடி வீடு ஒன்று பார்த்துப் போய்விட்டாளாம். பாம்பு வைத்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாளாம்.

"அப்பறம் ஏன் கொண்டு போகல?"

"இத அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன். இதுக்குத் தண்ணி வைக்கவாச்சும் பொழுதோட வீட்டுக்கு வருவீக, ஒரு உசிரு கூட இருக்கும்னு விட்டு வச்சேன். நீங்க அத அழுக விட்டுட்டு என் போனுக்குக் காத்திருந்திருக்கீக."

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

பாம்பையும் மருந்தையும் எடுத்துக்கொண்டாள். பெட்டியை வண்டி வைத்து அனுப்பச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடையை நான் தூக்கி வந்தேன். பஸ் கிளம்பும்வரை இருவரும் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

8 ஜூன், ஞாயிறு

போன் வரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

வரவில்லை. எதற்கு வரும்?

20 ஜூன்

பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து அனுப்பிவிட்டேன். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஆபீஸை விட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புகிறேன். அவள் சொன்னது சரி. வீட்டுக்கு வரக் காரணம் இல்லை. ஓட்டலில் சாப்பிட்டு நெஞ்சு எரிகிறது.

2 ஜூலை, புதன்

சாலாவிடமிருந்து ஒரு படம். உரித்த தோல், தலை முதல் வால்வரை ஒரே துண்டாகப் பேப்பரில் நீட்டிக் கிடக்கிறது. கீழே ஒரு வரி: 'வயிறு சுத்தம். ரெண்டு செதில்ல மட்டும் தழும்பு இருக்கும்.'

பதில் நீளமாக அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். கடைசியில் 'நல்லது' என்று மட்டும் போட்டேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவுதான் வருமா?

6 ஜூலை, ஞாயிறு

பகல் முழுதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஐந்தரைக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

எடுத்ததுமே, "நல்லா இருக்கு. நேத்து எலி தின்னுச்சு. காட்டவா?" என்றாள்.

"அதுக்காகக் கூப்பிடல. நீ எப்படி இருக்க?"

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு மெதுவாக, மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்றாள். வீட்டுக்காரர் மோட்டாரை மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று இழுக்கிறாராம். குடம் தூக்கி முழங்கால் வலி வந்துவிட்டதாம். வங்கியில் புதிதாக வந்த மேனேஜர் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுகிறாராம். நான் நடுவில் பேசவில்லை. ஆபீஸ், ஓட்டல், நெஞ்செரிச்சல் என்று என் பக்கத்தையும் சொன்னேன். ராத்திரி மோர் குடிக்கச் சொன்னாள்.

திரும்பி வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வைக்கும் முன், அடுத்த ஞாயிறும் கூப்பிடட்டுமா என்றேன்.

"ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க. அதுக்கு முன்னால பெட்டிக்குப் பேப்பர் மாத்தணும்" என்றாள்.