தூண்டில் கிழித்த இடம்

மஸ்கட்

அன்புள்ள சரண்யா,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

பட்டறையில் ஒரு சின்ன பேஜார், பயப்படாதே. ஒரு பெரியவர் தான் பிடித்த மீனைப் பாடம் செய்து சுவரில் மாட்டக் கொடுத்திருந்தார். தூண்டில் அதன் வாயைக் கிழித்திருந்தது. தறிக்காரன் கை சும்மா இருக்குமா? கிழிசலே தெரியாமல் அடைத்து வர்ணம் பூசிவிட்டேன். அவர் தடவித் தடவிப் பார்த்தார். "என் தூண்டில் பட்ட இடம் எங்கே? இது என் மீன் இல்லை" என்று கண்கலங்கிப் போய்விட்டார்.

நீ நெய்த முதல் புடவையில் இழை விட்டிருந்ததற்கு, "இன்னாத்த பாத்துகினு நெய்ஞ்ச?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேனே. அது பெட்டியில்தான் கிடக்கும். இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள அதையே லீவில் ஊருக்கு வந்திருக்கும் ரஞ்சித்திடம் கொடுத்தனுப்பு.

வேன் வந்துவிட்டது. இழை விட்ட அந்த இடத்தைத் தைத்துவிடாதே.

ஜெயவேல்