விசில் உன் சட்டைப்பையில் இருக்கிறது

மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்கக் குறைச்சல் ஒன்றுமில்லை என்று உன் கடிதத்திலேயே தெரிந்தது.

குழந்தையைக் கூட்டிப்போக நீ வந்த அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வாய் நிறையத் தின்றுகொண்டே கத்திய பேக்கரிக்காரன். டயர் கடைக்காரன். அவன் மகள் நெட்டச்சி. விசில் ஊதத் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைக்கும் மாடிவீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். பந்தைப் பார்க்காமல் என் புதுச் செருப்பையே பார்த்த என் ஓரகத்தி. பந்தை உதைத்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடும் இரண்டு கூட்டம் பிள்ளைகள். நடுவில் விசிலோடு என் பேத்தி. கடைசியாகக் காரை விட்டு இறங்கிய நீ.

"வாயே தொறக்க மாட்டேங்கறாம்மா, லீவு முழுக்க நீயே வச்சுக்கோ" என்று பழைய பெட்டியை இறக்குவதுபோல் அவளை இறக்கிவிட்டுப் போனாய். வந்த புதிதில் அந்த வானரங்கள் ஊமைச்சி என்று கூப்பிட்டன. கூப்பிட்ட ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தினமும் கோலா இல்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் சுவரோரம் இருந்த இவள் எழுந்து, பந்து யார் காலில் பட்டு எங்கே போனது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். என் பேத்தி அல்லவா! இனிமேல் இவளே விசில் ஊதட்டும் என்றது நெட்டச்சிதான். அதிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. எவ்வளவு காற்றடித்தாலும் நிரம்பாத வயிறு அந்த நெட்டச்சிக்கு. என் அடுப்படியைக் காலி பண்ணினாள்.

கடைசி ஆட்டத்தில், கோலுக்கு முன்னால் பந்து நெட்டச்சி கையில் பட்டது. சிநேகிதி என்றும் பார்க்காமல் இவள் விசிலை ஊதி, பெனால்டி என்று கையை நீட்டினாள். பேக்கரிக்காரன் கத்தினான், கண்டக்டர் இளித்தார். நீட்டிய கையை இவள் மடக்கவில்லை.

அப்போதுதான் பெரிய மனுஷன் நீ உள்ளே நடந்தாய். அவள் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம ஊதிட்டா, மன்னிச்சுக்கங்க" என்று அந்த உருப்படாத கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டாய்.

அவளை ஏற்றிக்கொண்டு உன் கார் போன பிறகு, பந்து என் கையில் பட்டது நிஜம்தான் என்று நெட்டச்சி நடுமைதானத்தில் நின்று கத்தினாள். அழுதுகொண்டே பெனால்டி அடிக்கவிட்டாள். அவள் பக்கம் தோற்றது. பேக்கரிக்காரன் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். கொண்டுவந்த பன் கல்லாக இருந்தும் அவனை விட்டுவிட்டேன்.

மறுபடியும் பேச மாட்டேன் என்கிறாள், டாக்டரிடம் காட்டட்டுமா என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் என்ன செய்வார்? விசிலைக் கொடு. நீ ஊதினது சரி, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நெட்டச்சி செய்ததையும் சொல். அடுத்த லீவுக்கு வருவாளா என்று அந்தப் பெண் தினமும் என் கதவைத் தட்டுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. வண்டியை மெதுவாக ஓட்டு. நூறு வயசு இரு. கண்டக்டரை மன்னித்துவிட்டேன், ஓரகத்தியைக்கூட. அந்தக் குழந்தை வாய் திறக்கிற வரைக்கும் மன்னிக்க முடியாத ஆள் ஒருத்தன்தான்: நான் பெற்ற ஒரே மகன்.