மலைக்கு வாங்கிய கிளட்ச்

1984, ஐப்பசி, புதன் இரவு.

ஜீப்புக்குக் கிளட்ச் வாங்கத் தென்காசி ஒர்க்‌ஷாப்புக்கு இன்று நான்தான் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணமானது. மற்றதில் ஸ்பிரிங் தடிமன்.

"கிராம்பு மூட்டையோட குத்தால மலை ஏறணும்னா தடிச்ச ஸ்பிரிங்தான் தாங்கும் தங்கச்சி. சாதாரணத்தைப் போட்டா திரும்பவும் கருகிரும். ஆனா இதை மிதிக்கதுக்கு இடது கால்ல நல்ல பெலன் வேணும். ஓட்டப் போறது யாரு?"

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து விழுந்தது இடது பக்கம்தான். "கார்த்திகையில் நானே மலைக்கு ஓட்டுவேன்" என்று தினமும் சொல்கிறார்.

"டிரைவர்தான் அண்ணாச்சி. கனமானதையே போடுங்க" என்றேன். சொல்லும்போது மனதில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

சாயங்காலம் டிரைவர் ஜீப்பை வாசலில் விட்டுவிட்டு, சாவியை வழக்கம்போல் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். இவர் கம்பை ஊன்றிப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்தார், இறங்கவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அமுக்கினார். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே வந்து, "மலைக்கு ஏத்ததாத்தான் வாங்கிருக்கட்டி" என்றார். எப்போதும் மடியில் செருகிக்கொள்ளும் சாவியை, டிரைவருக்கு எட்டும்படி வாசல் ஆணியில் மாட்டினார்.

சோறு போட்டேன். அப்புறம் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ரசத்தில் உப்பே இல்லை. இவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.