நீ நடித்துப் பார்க்காத கடைசிச் சண்டை

இன்று காலை பேருந்தில் முன் இருக்கைக்காரர் முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்தார். அந்த வாசனை வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். சனிக்கிழமை கராத்தே வகுப்பு முடிந்து வரும்போது உன் மேல் இந்த வாசனைதான் இருக்கும்.

நீ கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நான் கள்ளக்குறிச்சிக்காரி, சண்டையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவள். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் கதை எழுதினோம். தம்பியைச் சந்தனக்கட்டைக் கடத்தல்காரர்கள் தூக்கிப்போக, அக்கா தனியாக மலையேறிப் போய் மீட்கிறாள். எழுதுவது நான். பள்ளி மைதானத்தில் என்னையே எதிரியாக நிறுத்தி நடித்துப் பார்ப்பது நீ. உடம்பால் செய்ய முடியாத வரியை அங்கேயே அடித்துவிடுவாய்.

பதினொரு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அடிவாங்குவதாக எழுதியிருந்தேன். நீ சிரிக்காமல் கேட்டாய்: “மத்த பத்து பேரும் இன்னாடி, டோக்கன் வாங்கிக்கினு நிக்கிறானுங்களா?” அவர்களை மூன்றாகக் குறைத்தேன். சரிவில் நின்று அவள் உயரத் தாவி உதைப்பதையும் நீ விடவில்லை. மலையில் அப்படி உதைத்தால் உதைத்தவள்தான் உருளுவாள் என்றாய். அவளுக்கு மூச்சு வாங்க வேண்டும், பயம் இருக்க வேண்டும், அடித்த கை மறுநாள் வீங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். கடத்துகிறவனுக்கும் வீட்டில் ஒரு கஷ்டம் இருக்கும், அதையும் எழுது என்றாய். அது மட்டும் எனக்குப் புரியவில்லை. வில்லன் வில்லனாக இருந்தால் போதாதா என்று வாதாடினேன்.

மார்கழியில் உன் அப்பா விடுதி வாசலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“மூணு மாசந்தாம்மா. காப்பிப்பழம் பறிக்கக் குடகுக்குப் போறோம். அம்மாவுக்கு முதுவு முடியல. நீ வந்தாத்தான் ஆவும்.”

போனால் பத்தாம் வகுப்புத் தேர்வு போய்விடும். அது அவருக்கும் தெரியும். உன் முகத்தைப் பார்க்காமல் உன் புத்தகப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நீ பிடுங்கவில்லை.

“பை போவட்டும்பா. நான் வரல. பரீட்ச எழுதிட்டு வரேன்.”

அவர் அதட்டினார். பிறகு கெஞ்சினார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். வெகுநேரம் கழித்து அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, தலையைத் துண்டால் துடைத்தபடி பேருந்து நிலையப் பக்கம் நடந்தார்.

ஜெயித்துவிட்டாய் என்று உன் தோளைக் குலுக்கினேன்.

“எங்கடி ஜெயிச்சேன்? அம்மா முதுவு வலியோடதான பறிக்கப் போவுது” என்றாய். குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாய்.

அன்றுதான் எனக்குச் சண்டைக்கதை புரிந்தது. இரண்டு பக்கமும் இழக்க ஏதாவது இருந்தால்தான் வாசிக்கிறவருக்கு மூச்சு நிற்கும்.

கடைசிச் சண்டையைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நடித்துப் பார்க்கலாம் என்றாய். பாட்டியோடு பொங்கல் வைக்க மலைக்குப் போன உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் பெட்டியை வாங்கிப்போக அப்பா மட்டும் வந்தார். நோட்டை எடுத்து, “இது உன்னுதா பாரு கண்ணு” என்று என்னிடம் கொடுத்தார். அவர் கைவிரல்களில் காப்பிக்கறை. அன்று நீ அவரோடு போயிருந்தால் என்று நான் நினைத்ததை அவரும் நினைத்திருப்பார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையப் பக்கம் நடந்தார்.

கடைசி அத்தியாயத்தைத் தனியாக எழுதினேன். அவள் தம்பியை மீட்கிறாள். கடத்தல்காரனின் மனைவி குடிசை வாசலில் நின்று பார்க்கிறாள். இவள் அவளைக் கடந்து, தலை குனிந்து இறங்கிப் போகிறாள்.

பள்ளி மலரில் போடுவதற்காகப் படித்த தமிழ் டீச்சர், இவ்வளவு விறுவிறுப்பான கதைக்குக் கைதட்டல் வாங்குகிற முடிவு வேண்டும், வாசலில் நிற்கிற அந்த மனைவியை எடுத்துவிடு என்றார். நான் டீச்சரிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

“அவங்க அங்கயே நிக்கட்டும் டீச்சர்” என்றேன். திருத்தித் தரச் சொல்லி அவர் நோட்டை நீட்டியபடி காத்திருந்தார். நான் வாங்காமல், உன்னைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.