"பிறகு நினைவூட்டு"

என்னங்க,

பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வருவார். புது ஓ.எஸ். போடலாமா, வேண்டாமா என்று கேட்பார். இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள். "பார்க்கலாம் சார்"னு இழுத்து, டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மனுஷன் மூன்றாவது தடவையாக வருகிறார்.

கம்ப்யூட்டரும் தினமும் அதையே கேட்கிறது. நீங்களும் தினமும் "பிறகு நினைவூட்டு" என்பதை அமுக்குகிறீர்கள். எட்டு மாதமாக இதே கூத்து. போன தடவை மாற்றியபோது பழைய தமிழ் எழுத்துரு போய், உங்கள் பாடக்குறிப்பெல்லாம் கட்டம் கட்டமாக நின்றதே, அந்தப் பயம்தானே? மூன்று ஞாயிற்றுக்கிழமை முதுகு ஒடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். மேஜை டிராயரில் சிவப்பு பென்டிரைவில் இருக்கிறது. இனி அந்தச் சாக்கும் கிடையாது.

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சோம்பல்படாமல் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நான் ஆபீஸ் முடிந்து நேராக என் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

பி.கு: பென்டிரைவைத் தேடுகிறேன் என்று டிராயரைக் கவிழ்க்க வேண்டாம். வலது மூலையில் இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று நேற்று கேட்டேன். அதற்கும் "அப்புறம் பேசலாம்"னுதான் சொன்னீர்கள். கம்ப்யூட்டர் நாளைக்கும் கேட்கும். நான் கேட்க மாட்டேன்.