மெதுவாகச் சொன்னவனுக்கு

மச்சான்,

பத்து காஜா ஊர்க் கோர்ட் வராந்தாவில் இன்று காலை ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். சேலையெல்லாம் ரப்பர் புகைக்கூடத்தின் வாடை, முழங்கால்வரை சேறு. "அண்ணே, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுட்டாங்களா? ரப்பர் ஷீட்டு திருடுனாருன்னு கேசு. சாட்சி சொல்ற ஆளு பின்னால நடந்து வாராரு" என்றாள். அந்த வாடையோடு உன் நினைவும் வந்துவிட்டது.

நீ அப்போது இதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். நான் நில அளவை ஆபீஸில் படம் வரைபவன். ஒருநாள் கோப்பிக் கடையில் யோசிக்காமல் சொன்னேன்: "ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆளுங்கதான் மோசம். ஜெயில் பூரா அவனுங்கதான்."

நீ கோப்பியை ஊதிக்கொண்டே சிரித்தாய். "இந்தப் பக்கம் சாட்சிக்கு ரயில் இருக்கு. அந்தப் பக்கம் காலுதான் இருக்கு. பேர் கூப்பிடுறப்ப சாட்சி இல்லேன்னா, உள்ளதான்."

"கணக்கு இருக்கா?"

"என்ன குத்தம்னு ஜெயில்ல எழுதுவான். சாட்சி ஏன் வரலேன்னு எழுத அதுல எடமே இல்லலா. நீதான் படம் போடுறவனாச்சே, போட்டுப் பாரு."

நீ சொல்லச் சொல்ல, உள்ளே போனவர்களின் தோட்டங்களில் புள்ளி வைத்தேன். ரயில் பாதையோரம் அங்கொன்று இங்கொன்று. ஆற்றுக்கு அப்பால் ஒரே கறுப்பு. "மைக்கூட்டைக் கவுத்துட்டியாடா?" என்று கேட்டாய். மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வரைந்த கோடு நேர்த்தி என்று பாராட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ மட்டும், "அது வெளிய வரட்டும். நாளைக்குக் கூண்டுல நிக்கிறவன் அதுவரைக்கும் என்ன பண்ணுவான்?" என்றாய்.

நீ என்ன செய்தாய் என்பதை அடுத்த வாரம் கோர்ட்டில் பார்த்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி துரை ஒரே வரியில் இங்கிலீஷில் கேட்டார். நீ கூண்டில் நின்றவனிடம் எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, சாட்சி எப்போது கிளம்பினார் என்று விசாரித்துக்கொண்டே போனாய். துரை முகம் சிவந்து, "இன்னுமா?" என்றார். "கேட்டு முடியவில்லை, ஐயா" என்றாய் பணிவாக. சாட்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கூண்டில் நின்றவன் வீட்டுக்குப் போனான். உனக்கு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கை.

வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன். "ஏமாத்துறதுதானே இது?"

"பொய் சொல்லலடா. மெதுவா சொன்னேன்."

அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் சொன்னாய். போன மழைக்காலத்துக் காய்ச்சல் மட்டும் அவசரப்பட்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர். துரை வாய் மூடுமுன் தமிழில் சொல்லி முடித்துவிடுகிறார். இன்று, வராந்தாவில் நின்ற அந்தப் பெண்ணின் கணவன் பெயருக்கு முன்னால், ஒரு நில எல்லை வழக்கில் சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டார்கள். படத்தைக் காட்டி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு இறங்க வேண்டிய வேலை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, வேறு நாளாக இருந்தால் ஒன்றிலேயே முடித்திருப்பேன்.

படத்தை மேசை முழுக்க விரித்தேன். வடக்கு எது என்பதிலிருந்து தொடங்கினேன். துரை கடிகாரத்தைப் பார்த்தார். வளாகத்துக்குள் சேற்றுக் காலோடு ஓர் ஆள் ஓடி வருவது ஜன்னலில் தெரிந்தபோது, நான் இன்னும் முதல் எல்லைக்கல்லைத் தாண்டவில்லை.